கல் ஒட்டி வித்த கள்ளிச்செடி: 3,700 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

எனக்கு ஆன்லைன்ல கேக்டஸ் வித்தவங்க நேத்து ராத்திரி பதினொன்றரை மணிக்கு என்னை பிளாக் பண்ணிட்டாங்க. அதனாலதான் இதை இப்பவே எழுதுறேன். ஆறப்போட்டா நாலு நாள்ல நானே "போனா போகுது"ன்னு விட்டுடுவேன். அடுத்த வாரம் வேற யாராவது அதே ஆள்கிட்ட காசு கட்டிட்டு நிப்பாங்க. மொத்தம் 3,700 ரூபாய். அதுலயும் பெரும்பகுதி என் பணம் இல்ல, எங்கப்பாவோட பென்ஷன் பணம். காஞ்சுபோன கேக்டஸை எப்படிக் காப்பாத்தறதுன்னும் கடைசியில விவரமா எழுதுறேன், முழுசா படிங்க.

எங்க வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில. மூணாவது மாடி, கடல் பக்கம் பார்த்த பால்கனி. இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், கிரில் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சாலும் துரு பிடிக்கும். ரோஜா வெச்சோம், இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு. துளசி ரெண்டு தடவை போச்சு. அப்பா ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், 71 வயசு. முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து மாடி இறங்குறதே இல்ல. காலையில டீ, பேப்பர் எல்லாம் அந்த பால்கனியில பிளாஸ்டிக் சேர் போட்டுத்தான். அவர் கண்ணுக்கு எதிர்ல பச்சையா ஏதாவது ஒண்ணு இருக்கணும்னு நினைச்சேன். தப்பா அது?

வீடியோ போட்டு செடி விக்கிற ஒரு ஆன்லைன் பக்கம். பேரு சொல்லலை. உருண்டையா, மஞ்சள் முள்ளு வெச்சு, உச்சியில ஒரு ரோஸ் கலர் பூவோட ஒரு கேக்டஸ், மேல வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, பீங்கான் தொட்டியில. 2,200 ரூபாய், டெலிவரி 150. எனக்கு விலை அதிகமா பட்டுது. கடல் காத்துக்குத் தாங்குமான்னு கேட்டு மெசேஜ் போட்டேன். அதுக்கு வாய்ஸ் நோட் வந்துச்சு: "அக்கா, நானும் தண்டையார்பேட்டைதான்க்கா. நம்ம ஏரியா உப்புக்காத்து எனக்குத் தெரியாதா? இதுக்கு ஒண்ணும் ஆகாது. வாரத்துக்கு ஒரு மூடி தண்ணி, மேல லேசா ஸ்ப்ரே, அவ்ளோதான். என் சொந்த அக்காவுக்குக் குடுக்கற மாதிரி பார்த்து எடுத்து அனுப்பறேன்."

அந்த வாய்ஸ் நோட்டை ஸ்பீக்கர்ல போட்டு அப்பாவுக்குக் கேக்க வெச்சேன். "நம்ம பக்கத்துப் புள்ளதானே பாப்பா, வாங்கிடு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாங்க பணம் கட்டினோம். நம்ம ஊரு, நம்ம பக்கம்னு சொன்னதுக்கு. இப்ப அந்த வாய்ஸ் நோட்டைத் திரும்பக் கேட்டா வயிறு எரியுது.

மார்ச் முதல் வாரம் செடி வந்துச்சு. அப்பா சொன்னபடியே செஞ்சாரு. பிஸ்லேரி பாட்டில் மூடியில அளந்து ஞாயித்துக்கிழமை ஒரு மூடி. சலூன்ல வெச்சிருக்கற மாதிரி ஒரு ஸ்ப்ரே பாட்டில் வாங்கி தினம் காலையில புஸ் புஸ்னு அடிப்பாரு. அடிச்சதும் கொஞ்ச நேரத்துல அந்தப் பூ மூடிக்கும், வெயில் ஏறினதும் விரியும். "பாரு பாப்பா, ஆள் வந்தா தெரியுது அதுக்கு"ன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாரு. இந்தப் பூ விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க.

ஏப்ரல் கடைசியில செடி சுருங்க ஆரம்பிச்சுது. பக்கவாட்டுல வரி வரியா இருக்கற மேடெல்லாம் ஆர்மோனியத் துருத்தியை மூடினா எப்படி நெருங்குமோ அப்படி நெருங்கி, நடுவுல பள்ளம் விழுந்துச்சு. உருண்டையா வந்தது ஒரு பக்கமா ஒடுங்கி நின்னுச்சு. அப்பா ஒரு டம்ளர் தண்ணி ஊத்தலாமான்னு கேட்டாரு. நான் அந்தப் பக்கத்துல கேட்டேன். "ஊத்தவே ஊத்தாதீங்கக்கா, அழுகிடும். வேர் வீக்கா இருக்கு, எங்ககிட்ட டானிக் இருக்கு." 850 ரூபாய். வந்தது நூறு மில்லி பாட்டில், லேபிள்ல என்ன கலந்திருக்குன்னு ஒரு எழுத்து இல்ல. மூடித் தண்ணியில அஞ்சு சொட்டு விடணுமாம்.

அதுக்கும் அடங்கலை. மே மாசம், அக்னி நட்சத்திரம் நடக்குது, செடி இன்னும் ஒடுங்குது. மறுபடி கேட்டா "எங்க பிளான்ட் டாக்டர் வீடியோ கால்ல பார்ப்பாரு, 500 ரூபாய்." கட்டினேன். ஒன்பது நிமிஷம் பேசினாரு. தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லலை, மண்ணைக் காட்டச் சொல்லலை, அடித்தண்டை அமுக்கிப் பார்க்கச் சொல்லலை. "ஓவர் வாட்டரிங். அப்பா அதிகமா தண்ணி ஊத்திட்டாரு. இருபது நாள் ஒரு சொட்டு காட்டாதீங்க."

வாரத்துக்கு ஒரு மூடி ஊத்தின மனுஷனைப் பார்த்து அதிகமா ஊத்திட்டாருன்னு சொல்றாங்க. அப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. கால் முடிஞ்சதும் "நான்தான் கொன்னுட்டேன் போல"ன்னு சொல்லிட்டு எழுந்து உள்ள போயிட்டாரு. அந்த இருபது நாளும் பால்கனிப் பக்கமே வரலை, பேப்பரை ஹால்லயே படிச்சாரு. 3,700 ரூபாயைவிட எனக்கு ஆத்திரம் இதுலதான்.

2,200, 150, 850, 500. கூட்டிப் பாருங்க. 3,700.

ரெண்டு வாரம் முன்னாடி எங்க தெருவுல செடி வண்டி வந்துச்சு. மூணு சக்கர வண்டியில கனகாம்பரம், செம்பருத்தி எல்லாம் வெச்சு தள்ளிட்டு வருவாரு ஒரு அண்ணன், ரொம்ப வருஷமா வர்றவர். வயிறு எரிஞ்சுபோய் தொட்டியைத் தூக்கிட்டுக் கீழ ஓடினேன். அவர் தொட்டியைக் கையில வாங்கினதும் முதல்ல சொன்னது, "இன்னாம்மா, காத்தா இருக்குது." அப்புறம் அந்த வெள்ளைக் கல்லை விரலால கிளறப் பார்த்தாரு. ஒரு கல்கூட அசையலை. நகத்தை விட்டு நெம்பினாரு, வரலை. வண்டியில இருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ஓரத்துல விட்டுத் தூக்கினாரு. கடலை மிட்டாய் வில்லை மாதிரி மொத்தக் கல்லும் ஒரே தகடா வந்துச்சு. அடியில பளபளன்னு பசை.

கல்லை ஒட்டி வெச்சிருக்காங்க! கூரியர்ல கொட்டாம இருக்கறதுக்கும், போட்டோவுல அழகா தெரியறதுக்கும். அப்பா ஊத்தின மூடித் தண்ணி அந்தத் தகட்டு மேலயே நின்னு காஞ்சிருக்கு. ஓரத்துல வழிஞ்சது பீங்கான் சுவர் ஓரமாவே கீழ போயிருக்கு. உள்ள இருந்த தென்னை நார்த்தூள் எலும்பா காஞ்சு, சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு ஒரு விரக்கடை விலகி நின்னுச்சு. மூணு மாசமா அந்த வேர் தண்ணியையே பார்த்திருக்காது.

அப்புறம் பூ. அண்ணன் அதை ரெண்டு விரலால பிடிச்சு லேசா திருகினாரு. கையோட வந்துடுச்சு, அடியில சூடு பசை நூல் மாதிரி தொங்குச்சு. காஞ்ச பூ, ஸ்ட்ராஃப்ளவர்னு (strawflower) சொல்ற ஜாதி. அந்த ஜாதிக்கு ஒரு குணம் உண்டு: செத்த பிறகும் ஈரம் பட்டா இதழ் மூடும், காஞ்சா விரியும். அப்பா தினம் காலையில என்னைக் கூப்பிட்டுக் காட்டினது இதைத்தான். இந்தக் கேக்டஸ், மெக்சிகோவுல இருந்து வந்த உருண்டை ஜாதி, பூக்கணும்னா பல வருஷம் வளர்ந்து நல்ல பருமன் ஆகணும். அதுவும் மஞ்சளா சின்னச் சின்னதா உச்சியைச் சுத்திப் பூக்கும். இந்த ஜாதியில, உள்ளங்கை அளவு செடியில ரோஸ் பூ வராது. எனக்கு அன்னைக்கு இது தெரியாது. வித்தவங்களுக்குத் தெரியும், ஒட்டினதே அவங்கதான்.

கல் தகடை வீடியோ எடுத்து அனுப்பினேன். அன்னைல இருந்து நடந்ததைக் கேளுங்க. முதல் நாள் "செக் பண்றோம் மேம்." சொந்த அக்காவா இருந்த நான் மேம் ஆயிட்டேன். மூணாம் நாள் "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." பிறகு "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா? 24 மணி நேரத்துக்குள்ள அனுப்பியிருக்கணும்." மார்ச்ல வாங்கினதுக்கு ஜூன்ல கேக்கறாங்க. அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல, கல்யாணத்துக்குப் போயிருக்காரு." தண்டையார்பேட்டையில கடை எங்கன்னு கேட்டேன், நேர்ல வரேன்னேன். "எங்களுக்குக் கடை கிடையாது, எல்லாம் ஆன்லைன்தான்." கமென்ட் போட்டேன், அஞ்சு நிமிஷத்துல தூக்கிட்டாங்க. நேத்து ராத்திரி கடைசியா "3,700 ரூபாயைத் திருப்பிக் குடுங்க, இல்லேன்னா புகார் குடுப்பேன்"னு போட்டேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. அடுத்து அவங்க புரொஃபைல் போட்டோவே காணாமப் போச்சு.

காலையில 1915-க்கு போன் பண்ணிட்டேன், நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். புகார் எண் குடுத்திருக்காங்க. விளம்பரத்துல காட்டினபடி இல்லாத பொருளைத் திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு 2020-ல வந்த இ-காமர்ஸ் விதியிலயே இருக்கு. "உயிருள்ள பொருள்"னு சொல்லி அவங்க தப்பிக்க முடியாது.

செடி இருக்கு. போகலை. அண்ணன் சொன்னபடி, பீங்கான் தொட்டிக்குள்ள செடியோட இருந்த பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் வெளிய எடுத்து, பக்கெட்ல பாதி தொட்டி முங்கற அளவு மெட்ரோ தண்ணி ஊத்தி உள்ள வெச்சோம். குமிழ் குமிழா வந்துட்டே இருந்துச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு மேல் மண் கறுத்து ஈரமானதும் எடுத்து முழுசா வடியவிட்டு, நேர் வெயில் படாத இடத்துல வெச்சோம். நாலு நாள் ஒண்ணும் தெரியலை. காஞ்சதுல நுனி வேரெல்லாம் போயிருக்கும், புதுசு விட்டாத்தான் இழுக்கும்னு அண்ணன் முன்னாடியே சொல்லியிருந்தாரு. ஆறாம் நாள் அப்பாதான் பார்த்தாரு. அந்த மடிப்புக்குள்ள முன்ன விரல் போகாது, இப்ப சுண்டு விரல் நுனி போகுதுன்னாரு. பத்து நாள் கழிச்சு மண் முழுசா காஞ்சதும் மறுபடி ஒரு தடவை முக்கினோம். ஒரு பக்கம் இன்னும் ஒடுங்கித்தான் இருக்கு. உச்சியில பசை பட்ட இடம் தழும்பா இருக்கு, அது போகாது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், ஆபீசுக்கு நேரம் ஆயிடுச்சு, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். வாங்கும்போது மேல இருக்கற கல்லை விரலால தள்ளிப் பாருங்க, நகரலேன்னா வாங்காதீங்க. ஆன்லைன்னா தள்ளிக் காட்டி வீடியோ கேளுங்க. பூவை லேசா திருகிப் பாருங்க. செடி சுருங்கினா முதல்ல அடித்தண்டை அமுக்குங்க: கெட்டியா இருந்து, தொட்டியும் லேசா இருந்தா தாகம். கொழகொழன்னு பழுப்பா, நாத்தமா இருந்தா அழுகல், அதுக்குத் தண்ணி காட்டாதீங்க. ஊதுபத்திக் குச்சியை மண்ணுல அடிவரைக்கும் குத்தி எடுங்க, ஈரம் இருக்கா இல்லையான்னு அது சொல்லும். ஸ்ப்ரே வேஸ்ட், வேருக்குப் போகாது. ஆர்ஓ மெஷின்ல கழிவா வர்ற தண்ணியை ஊத்தாதீங்க, உப்பு. வாடின செடிக்கு உரம், டானிக் எதுவும் வேண்டாம். கடை விலாசம் இல்லாதவங்களுக்கு முன்பணம் கட்டாதீங்க.

அந்த டானிக் பாட்டில், கல் தகடு, பூ மூணையும் ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கேன். யாராவது இதே மாதிரி கல் ஒட்டின தொட்டி வாங்கியிருந்தா பில், பேமென்ட் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க. 3,700 ரூபாய்க்கு நான் புகார் குடுத்தாச்சு, சேர்ந்து குடுக்கலாம். அப்பா இன்னைக்குக் காலையில சேரை மறுபடி பால்கனிக்கு இழுத்துப் போட்டிருக்காரு.