கிருமியில்லா எலும்பு அழற்சிக்கு முழு உடல் எம்ஆர்ஐ: எங்கே கைகொடுக்கும், எங்கே சறுக்கும்

குழந்தைக்குக் கால் எலும்பில் வலி, ராத்திரியில் கூடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையின் அளவு கொஞ்சம் அதிகம், அல்லது அதுவும் சரி. வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனில்லை. இந்தக் கட்டத்தில் சி.என்.ஓ. எனும் நாள்பட்ட, கிருமியில்லா எலும்பு அழற்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். அதைத் தேட இன்று கையிலுள்ளவற்றில் சிறந்தது முழு உடல் எம்ஆர்ஐதான். வலிக்கிற இடத்தை மட்டும் எடுத்தால் போதாது.

காரணம், முதுகெலும்பு. அங்குள்ள அழற்சி பல சமயம் வலிப்பதே இல்லை. சத்தமில்லாமல் ஒரு முள்ளெலும்பு சப்பையாகிவிடும். அது தெரிந்தால் சிகிச்சையே மாறும். வழக்கமான தொடக்கம் நாப்ராக்சென் என்ற வலி, அழற்சி மருந்து, நாளொன்றுக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., இரு வேளையாகச் சாப்பாட்டோடு. முதுகெலும்பில் இருந்தால் அதோடு நிற்காமல் எலும்பு கரைவதைக் குறைக்கும் பாமிட்ரோனேட், அல்லது டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை அடக்கும் ஊசி வரை யோசிப்பார்கள். பாமிட்ரோனேட்டுக்கு முன் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம், பல் நான்கையும் பார்த்துவிட வேண்டும். முதல் டோஸுக்குப் பின் காய்ச்சலும் உடல்வலியும் வருவது சகஜம்.

ஸ்கேனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கதிர்வீச்சு கிடையாது. ‘ஸ்டிர்’ என்ற படமுறை கொழுப்பின் வெளிச்சத்தை அமுக்கிவிடுவதால், நீர் கோத்த எலும்பு மஜ்ஜை வளர்ச்சித் தட்டை (எலும்பு நீளும் முனைப்பகுதியை) ஒட்டி வெள்ளைத் திட்டாகத் தெரியும். காண்ட்ராஸ்ட் ஊசி பெரும்பாலும் வேண்டியதில்லை. ஐசோடோப் எலும்பு ஸ்கேன் இதற்கு ஈடாகாது: வளரும் குழந்தையின் வளர்ச்சித் தட்டுகள் அந்த ஸ்கேனுக்கு ஏற்றும் கதிரியக்க மருந்தை இயல்பாகவே இழுப்பதால், இரு காலிலும் சமமாக உள்ள புண் அதில் மறைந்துவிடும்.

குறைகளும் உண்டு. பாதமும் கையும் சில சமயம் படத்துக்கு வெளியே போய்விடும். மூச்சசைவில் காறை எலும்பு மங்கும். குழந்தைகளின் பாதத்தில் இயல்பாகவே வரும் வெள்ளைப் புள்ளிகளை நோய் என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. அதனால் சீட்டில் வெறுமனே ‘எம்ஆர்ஐ’ என்றிருந்தால் மருத்துவரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள்: தலை முதல் பாதம் வரை கரோனல் (முன்பக்கத் தோற்ற) ஸ்டிர், முதுகெலும்புக்குத் தனியாக சஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்றம்). பல் கம்பி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தாடைப் பகுதியின் படம் கெட்டுவிடும்.

புற்றுநோயா இல்லையா என்பதை ஸ்கேன் மட்டும் தீர்மானிக்காது. ஒரே இடத்தில் மட்டும் புண், விடாத காய்ச்சல், எடை குறைதல், ரத்த அணுக்களில் மாற்றம் இவற்றில் எது இருந்தாலும் பயாப்சியை (எலும்பில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதை) தள்ளிப்போடக் கூடாது.

அறிக்கையோடு படங்களையும் சி.டி.யில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, சில மாதங்கள் கழித்து அதே முறையில் மறுபடி எடுக்கும்போது ஒப்பிட அவைதான் வேண்டும்.