நல்ல ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள்: ஏ9 வீதியில் போகிறவர்களுக்கு

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவது அபூர்வம். எஞ்சினை நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் பழுதுள்ள வாகனம் தன் குணத்தைக் காட்டும். ஆகவே அந்தப் பக்கத்தில் வழியில் நிற்கும் வாகனங்களை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். நேர்மையாக உழைப்பவர்களை எனக்குத் தெரியும். நான் அகப்பட்டது அவர்களிடம் அல்ல.

என்னுடையது டொயோட்டா 121 கொரோலா கார். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், எஞ்சின் சுழலவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி திருப்பினேன். வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. யாரோ தொலைபேசியில் அழைத்துச் சொல்ல, ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து பொனற்றைத் திறந்தார். கையில் வோல்ற் அளக்கிற மீற்றர் இல்லை.

“பற்றரி செத்துவிட்டது அண்ணை.”

“லைற் மங்கவில்லையே தம்பி?”

“அது வேறு, இது வேறு.”

வேறு அல்ல. பற்றரி வலுவிழந்திருந்தால், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டர் இழுக்கிற இழுவையில் ஹெட்லைட் சாம்பிப்போகும். மங்காமல் எரிகிறது என்றால் பற்றரியில் வலு இருக்கிறது, அது மோட்டருக்குப் போய்ச் சேரவில்லை அல்லது மோட்டரிலேயே பழுது என்றுதான் பொருள். ஆனால் வெயிலில் காருக்குள் அம்மா இருக்க, யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடு காத்திருக்க, நடுவீதியில் வாதம் எவ்வளவு தூரம் போகும்? 36,000 ரூபாவுக்குப் புதிய பற்றரி ஏறியது. கார் ஸ்டார்ட் ஆனது. அதுதான் இந்த வித்தையின் சூட்சுமம். பற்றரியை மாற்றும்போது கேபிள்கள் அசையும், முனைகள் சுரண்டப்படும். தொடுப்பில் இருந்த பழுது தற்காலிகமாக ஒளிந்துகொள்ளும். பழைய பற்றரியை அவரே தூக்கிக்கொண்டு போனார். ஈயத்துக்காக அதற்கும் விலை உண்டு. அது கணக்கில் கழிக்கப்படவில்லை.

திரும்பி வரும் வழியில் கிளிநொச்சியில் மறுபடி அதே ‘டக்’. பற்றரிக்கு உத்தரவாதம் சொன்னவர் என்பதால் அவரையே அழைத்தேன். இம்முறை “மோட்டர் எரிந்துவிட்டது” என்றார். கயிறு கட்டிக் கராஜுக்கு இழுத்துப் போனார்கள். எரிந்த மோட்டர் என்றால் ஒரு கருகல் வாசம் வரும், வரவில்லை. “கழற்றியதைக் காட்டுங்கள்” என்றேன், “பையன் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டான்” என்றார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இரும்புக்காரன் வந்து போய்விட்டானாம்! புதுப் பெயின்ற் அடித்த மோட்டர் ஒன்றைப் பூட்டி 42,000 ரூபா வாங்கினார்கள். பில் கேட்டதற்குக் கொப்பித் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். கடையின் பெயர் இல்லை, திகதி இல்லை.

வீட்டுக்கு வந்த சில நாளில் மூன்றாவது முறையும் கார் கிளம்பவில்லை. வவுனியாவில் வாகன மின்வேலை செய்கிற ஒரு பெரியவர் வந்தார். மீற்றரை வைத்தார்: பற்றரி 12.6 வோல்ற், குறையொன்றும் இல்லை. பிறகு ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் கட்டையிலும் மற்றதை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ற்றுக்குக் கீழே காட்ட வேண்டிய இடத்தில் மீற்றர் 4 வோல்ற்றைத் தாண்டியது. அந்த வழியில்தான் மின் தடைப்பட்டது: பற்றரியின் மைனஸிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் ஏர்த் கேபிள் உறைக்குள் பச்சை பூத்து, நரம்பு நரம்பாக அறுந்திருந்தது. புதிய கேபிளும் அவரது கூலியும் சேர்த்து 3,000 ரூபா. இன்றுவரை கார் மக்கர் பண்ணியதில்லை.

கீழே குனிந்து மோட்டரைப் பார்த்தவர்தான் மிச்சத்தையும் சொன்னார். போனது ஜப்பானிலிருந்து காரோடு வந்த அசல் டென்சோ மோட்டர். வந்திருப்பது எங்கேயோ பிரித்துப் பூட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் அசல் உதிரிப்பாகங்கள் தங்கம் விலைக்குப் போயின. இப்போதும் அவற்றைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது. எனக்குப் பூட்டிய மோட்டரில் கிடைத்த இலாபத்தைவிட, என்னிடமிருந்து கழற்றியதில் அவர்களுக்குக் கிடைத்தது கூடுதலாக இருக்கும்.

பெயரை இங்கே எழுதவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அவர்களது இலக்கம் 1977. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். கொப்பித் தாளை நீட்டினால் அந்த இடத்திலேயே சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். கழற்றுகிற எந்தப் பாகமும் உங்கள் டிக்கிக்குள் போக வேண்டும், பழுதானதாக இருந்தாலும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாடகைக் காரோடு வருகிற வெளிநாட்டு உறவுகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அவர்கள் கார் வேறொருவருடையது, நட்டம் இரட்டிப்பு.

டிக்கியில் ஒரு சோடி ஜம்பர் வயர் வைத்திருங்கள். ஹெட்லைட் மங்காமல் ‘டக்’ என்று நின்றால், கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்துவிட்டு, கறுப்பு வயரின் ஒரு நுனியைப் பற்றரியின் மைனஸிலும் மறுநுனியைப் பெயின்ற் இல்லாத எஞ்சின் இரும்பிலும் கவ்வ விடுங்கள். விசிறி, பெல்ற் பக்கம் வயர் போகக் கூடாது. அப்போது ஸ்டார்ட் ஆனால் பழுது ஏர்த் கேபிளில்தான் இருக்கிறது. பற்றரிக்கோ மோட்டருக்கோ காசு கொடுக்காமல் அந்தக் கேபிளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.