கல்சட்டியோடு ஏழு வருஷம்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வாங்கிய கல்சட்டி இது. இரண்டு லிட்டர் பிடிக்கும். இந்தத் தையோடு ஏழு வருஷம் முடிகிறது. இதற்கு முன் வாங்கிய சட்டி நாலு மாதம்கூட நிலைக்கவில்லை. ரசம் கொதித்து இறக்கிய கையோடு, ஊறட்டும் என்று குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். 'டக்'கென்று ஒரு சத்தம், விளிம்பிலிருந்து அடிவரை விரிசல். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சட்டி தானாக ஆறும்வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

இரண்டாவது சட்டியை அவசரமில்லாமல் பழக்கினேன். மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து உள்ளும் புறமும் தடவி மூன்று நாள் வைத்தேன். அப்புறம் ஒரு வாரம், தினமும் சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி, ஆறவிட்டுக் கொட்டினேன். அதன் பிறகுதான் அடுப்பு, அதுவும் சிறு தீயில். வாங்கும்போது சாம்பல் நிறத்தில் இருந்தது இப்போது எண்ணெய் ஏறி நல்ல கறுப்பு. சோப்புப் போடுவதில்லை, அரிசி களைந்த தண்ணீரும் தேங்காய் நாரும் போதும்.

இது மாக்கல் என்னும் மென்மையான கல்லில் கடைந்த சட்டி. மாக்கல் சூட்டை மெதுவாக வாங்கும், மெதுவாகவே விடும். "அணைச்சப்புறம்தாண்டி அது சமைக்கவே ஆரம்பிக்கும்" என்பார் அம்மா. வத்தக்குழம்பை அணைத்து மூடாமல் வைத்தால், ஓரத்தில் சிறு குமிழ்கள் சில நிமிடம்வரை வந்துகொண்டே இருக்கும். அதற்குள் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் எனக்கு இந்தப் பக்குவம் வந்ததே இல்லை. புளி எவ்வளவு நேரம் கிடந்தாலும் உலோக வாடை ஏறாது.

ஆனால் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இதைப் பயன்படுத்த முடியாது. எனக்குக் காய் திருச்சி தென்னூர் உழவர் சந்தையில்தான். விலைப் பலகையைப் பார்த்தால் அந்த வாரம் எது குவிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் சட்டி அடுப்பேறுவதும் இறங்குவதும். மார்கழி, தையில் தினமும் வேலை இருக்கும். பச்சை மொச்சை, அவரை, சிறுகிழங்கு எல்லாம் கூடவே வந்துவிடும். ஐப்பசி மழையில் தக்காளி விலை ஏறினால் தக்காளியே இல்லாமல் மிளகுக் குழம்பு. சித்திரை வெயிலில் காயவைத்த சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றல்களும் அப்போதுதான் டப்பாவிலிருந்து வெளியே வரும்.

கோடையில் நிலைமை வேறு. அடுப்பை அணைத்தும் அனல் விடும் சட்டியைச் சமையலறையில் வைத்திருக்க முடியவில்லை. பங்குனி பிறந்தால் அது உறை ஊற்றும் பாத்திரமாகிவிடும். தயிர் கெட்டியாக விழுகிறது. ஒரு தடவை கல்சட்டியிலேயே வெண்பூசணி மோர்க்குழம்பு வைத்தேன். வழக்கம்போல் நுரை கட்டியதும் அணைத்தேன். சட்டி நிற்கவில்லை, கொதி வந்து மோர் திரிந்துவிட்டது. கல்சட்டியில் மோர்க்குழம்பு என்றால், ஓரம் லேசாக அசையும்போதே அணைத்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடிப்பெருக்குச் சமையல். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். நீர் போதாத வருஷங்களில் தள்ளிப்போகும். காவிரியில் தண்ணீர் ஓடினால் ஆடி 18 அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் கலந்த சாதம் கட்டிக்கொண்டு போவோம். முதல் நாள் இரவே கல்சட்டியில் புளிக்காய்ச்சல். கால் கிலோ புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து ஊற்றுவேன். தளதளவென்று கொதித்து, கரண்டியால் இழுத்தால் அடி தெரிந்து மெதுவாக மூடும். அந்தப் பதத்தில் அணைத்துவிடுவேன். மிச்சத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும். காலையில் வறுத்த வெந்தயப் பொடி தூவிச் சாதத்தில் பிசறினால், ஆற்றங்கரையில் பொட்டலம் பிரிக்கும்போதே வாசம் வரும்.

மாதம் இரண்டு தடவை வெளியில் சாப்பிடுகிறோம். உட்கார்ந்ததும் நான் கேட்பது, "இன்னைக்கு என்ன பொரியல்?" வருஷம் பூரா முட்டைக்கோஸும் பீட்ரூட்டும்தான் என்றால் அந்தக் கடைக்கு மறுபடி போக மனசு வராது. ஒரு கடையில் குட்டிக் குட்டிக் கல்சட்டிகளில் வத்தக்குழம்பு கொண்டுவந்து வைத்தார்கள். ஆசையாகத் தொட்டால் சட்டி ஜில்லென்று இருந்தது. எதிலோ வைத்ததை இதில் ஊற்றித் தந்திருக்கிறார்கள். வெல்லம் வேறு தூக்கலாக இருந்தது. அந்தச் சட்டிக்காகவே கூடுதல் விலை வாங்கியதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு சின்ன மெஸ்ஸில் ஆனி மாதம் பலாக்கொட்டை, கத்தரிக்காய், முருங்கைக்காய் போட்டுக் குழம்பு. கொட்டை வெண்ணெய் மாதிரி இருந்தது, உடையவும் இல்லை. நான் வைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் நறுக்கென்றுதான் இருக்கும். கை கழுவப் போகும்போது சமையல்கார அண்ணனிடம் கேட்டேன்.

"புளித்தண்ணியிலயே போட்டீங்களாம்மா?"

"ஆமாண்ணே."

"அதான் வேகல. தனியா வேக வச்சுட்டு, புளி நல்லாக் கொதிச்சப்புறம் சேருங்க."

புளிப்பில் எதுவும் சீக்கிரம் குழையாது. நான் குறையெல்லாம் சட்டிமேல் போட்டிருந்தேன். அன்றிலிருந்து பச்சை மொச்சையையும் குக்கரில் இரண்டு விசில் விட்டுத்தான் குழம்பில் சேர்க்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கனம் அதிகம். குழம்போடு தூக்க இரண்டு கை வேண்டும். மணிக்கட்டு வலி இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இண்டக்ஷன் அடுப்புக்கு ஆகாது. காலை அவசரத்துக்கும் ஆகாது, சூடேறவே நேரம் பிடிக்கும். மீன் குழம்புக்குத் தனியாக மண்சட்டி வைத்திருக்கிறேன். இரும்புக் கரண்டி கீறும், மரக்கரண்டிதான் சரி.

வாங்கும்போது விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கலாம். அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போகும்போது ரசத்துக்கு ஒரு லிட்டர் சட்டி ஒன்று வாங்கப் போகிறேன். பெரியதில் இன்று காலை மொச்சைக் குழம்பு. அணைத்துப் பத்து நிமிடம் ஆகிறது, ஓரத்தில் இன்னும் குமிழ் வருகிறது.