‘இன்டராக்டிவ்’ தளம் என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

எங்கள் பயிற்சி மையத்தின் இணையதளத்தைப் புதுப்பித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ஒரு வடிவமைப்பு நிறுவனம், முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, பயன்படுத்தவே முடியாத ஒரு தளத்தைக் கொடுத்துவிட்டது. வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

அவர்கள் கணினியில் காட்டிய மாதிரியில் படங்கள் தாமாக நகர்ந்தன, தலைப்புகள் மிதந்து வந்தன, சுட்டியை (மவுஸ்) கொண்டுபோனதும் மெனு விரிந்தது. இதுதான் ‘இன்டராக்டிவ்’ என்றார்கள், நாங்களும் நம்பினோம். தளம் வெளியான மறுநாளே, சேர்க்கைப் படிவம் எங்கே என்று கேட்டு அழைப்புகள் வரத் தொடங்கின. கைபேசியில் திறந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது: படிவம் இருந்த துணைமெனு, சுட்டியை மேலே நிறுத்தினால் மட்டுமே விரியும்படி எழுதப்பட்டிருந்தது. தொடுதிரையில் சுட்டி ஏது? விரலை வைத்ததுமே தளம் வேறு பக்கத்துக்குத் தாவியது. சுட்டி இல்லாமல் விசைப்பலகையின் டேப் விசையால் நகர்பவருக்கு எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டையும் அழகுக்காக நீக்கியிருந்தார்கள். கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடிக்க முடியாதவர்களை இது வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

படிவத்தின் கதி இன்னும் மோசம். ‘அனுப்பு’ என்பதை அழுத்தினால் ஏழெட்டு விநாடிகளுக்குத் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்ற குழப்பத்தில் ஒருவரே மூன்று முறை அனுப்பிய விண்ணப்பங்கள் வந்தன. தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் நிரப்பியதெல்லாம் அழிந்து, வெற்றுப் படிவம் வந்து நின்றது. 0.1 விநாடிக்குள் பதில் தெரிந்தால்தான் உடனே நடந்ததாகத் தோன்றும், ஒரு விநாடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் தடைபடும் என்று இணையதளப் பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதியிருக்கிறார். பயன்படுத்துபவர் செய்யும் செயலுக்குத் தளம் தரும் அந்தப் பதிலைத்தான் ஊடாட்டம், அதாவது ‘இன்டராக்டிவ்’ தன்மை என்கிறோம். தானாக ஓடும் படத்துக்கு அதில் பங்கில்லை.

முறையிட்டபோது, ஒப்பந்தத்தில் ‘இன்டராக்டிவ் வடிவமைப்பு’ என்று மட்டுமே இருப்பதாகவும், திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் என்றும் கையை விரித்துவிட்டார்கள்.

ஆகவே, எல்லா மெனுவும் கைபேசியிலும் விசைப்பலகையிலும் இயங்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழிசெய்யும், 2023-ல் வெளியான டபிள்யூசிஏஜி (WCAG) 2.2 அணுகல் வழிகாட்டுதலின் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ (AA) நிலையை எட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், தளத்தை இதுவரை பார்த்திராத நான்கைந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, படிவத்தைத் தேடி நிரப்பச் சொல்லி, வாய் திறக்காமல் அருகிலிருந்து பாருங்கள். அவர்கள் விரல் தயங்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, அவை சரியான பிறகே பணம் கொடுங்கள்.