சாங்கி – நியூயார்க்: நேர் விமானமா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?

அம்மாவை நியூயார்க்கிலிருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்ப டிக்கெட் பார்க்க உட்கார்ந்தபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இரண்டு வழி இருந்தது. நேராகப் போவது ஒன்று, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறுவது இன்னொன்று.

முதலில் தூரம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் நடுவே நேர்க்கணக்கில் சுமார் 15,350 கி.மீ. ஃபிராங்க்ஃபர்ட் வரை 10,300, அங்கிருந்து 6,200, ஆக மொத்தம் 16,500 கி.மீ. கூடுதல் தூரம் 1,150 கி.மீ.தான், ஒன்றரை மணி நேரத்தில் பறந்துவிடலாம். ஆனால் நேர் விமானத்துக்கு 18 மணி 40 நிமிடம் அளவில் ஆகிறது, ஃபிராங்க்ஃபர்ட் வழியில் 23, 24 மணி. அங்கே காத்திருப்பது இரண்டு மணி நேரம் என்றாலும் கணக்கு உதைக்கிறதே?

காரணம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் விமானம் வழி நெடுக அதை எதிர்த்தே போகிறது. நேர் விமானமோ பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கைத் தாண்டிக் கனடா மேலாக இறங்குகிறது. காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர்ப் பக்கம் என்பதால் மிகக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டிப் போகிறது; அதனால் கிழக்கே திரும்பினாலும் மேற்கே திரும்பினாலும் பெரிய நஷ்டமில்லை. திரும்பி வரும்போதும் பல நாள் அட்லாண்டிக் வழியாகக் கிழக்கு நோக்கியே வருவார்கள். போய் வந்தால் உலகத்தை ஒரு சுற்று!

ஃபிராங்க்ஃபர்ட் வழியிலும் திரும்பும்போது காற்று துணைக்கு வருவதால் 21, 22 மணியில் வீடு சேரலாம். போகும்போது ஐந்து மணி இழப்பு, வரும்போது மூன்று மணிதான்.

டோக்கியோ நரிட்டா வழி 16,200 கி.மீ.தான். ஆனால் வேறு நிறுவனம், காத்திருப்பும் நாளுக்கு நாள் மாறும். அதை விட்டுவிட்டேன்.

சரி, இருக்கை? நேர் விமானமான ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆரில் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) மொத்தமே 161 இடம்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமியே கிடையாது. 1,65,000 லிட்டர் எரிபொருளைச் சுமக்க வேண்டியிருப்பதால் ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். அந்தச் செலவு டிக்கெட்டில் தெரியும். ஃபிராங்க்ஃபர்ட் வழியில் எகானமி உண்டு.

அம்மாவுக்கு மூட்டுவலி. 18 மணி நேரம் ஒரே இருக்கை என்றால் கால் வீங்கும். ஆனால் நடுவழியில் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்பது அதைவிடக் கஷ்டம். போகும்போது நேர் விமானம், நடைபாதை ஓர இருக்கை. வரும்போது மூன்று மணிதான் இழப்பு என்பதால் ஃபிராங்க்ஃபர்ட், சக்கர நாற்காலிக்கும் சேர்த்துச் சொல்லியாயிற்று. கோடையில் நேர வித்தியாசம் சரியாக 12 மணி என்பதால், அவர் கைக்கடிகார முள்ளைத் திருப்பக்கூட வேண்டாம்.