பாளையங்கோட்டையில் பழைய டிஸ்கைப் படித்துக் கொடுக்கும் கடை

சிடி, டிவிடி என்று மூன்று டிஸ்க் கொடுத்தேன், இரண்டு தேறியது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போடுகிறேன், ஒன்றைக் குறைத்தது நேரத்துக்காக மட்டும்.

மூன்றுமே 2009-இல் நடந்த அண்ணன் கல்யாணத்தில் எடுத்தவை. மதினியின் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தன. ஆச்சி போன பிறகுதான் போட்டுப் பார்க்கணும் என்று எல்லாருக்கும் தோன்றியது, போட்டால் ஒன்றும் ஒழுங்காக ஓடவில்லை. முதலில் போன வேறொரு கடையில் லேப்டாப்பில் சொருகி ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் "டிஸ்க் போயிட்டு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பாளை மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கிற இந்தக் கடை அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். போட்டோ இருந்த சிடியில் பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிந்தது. பேர் எழுதி ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நான்தான் பிய்த்திருந்தேன். "கீழ்ப்பக்கம் கீறினாக்கூட தேய்ச்சு எடுத்துரலாம் தம்பி, சிடிக்கு உயிரு மேல்பக்கம்லா இருக்கு" என்றார். எழுதுகிற பக்கத்தில் லேசான பூச்சுக்கு அடியிலேயே பளபளப்புப் படலமும் பதிவும் இருக்கிறதாம், ஸ்டிக்கரோடு அதுவும் உரிந்து வந்துவிட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை.

பெரிய டிவிடியில் முதல் முக்கால் மணி நேரம் நன்றாக ஓடி, தாலி கட்டுகிற நேரம் பார்த்து நிற்கும். பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது, கையும் அழுக்கும் படுவது ஓரத்தில், அதனால் கடைசிப் பகுதிதான் முதலில் மக்கர் பண்ணுமாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தார் (நான் வட்டமாகத் துடைத்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்). அப்புறம் பழைய டெஸ்க்டாப் டிரைவில் போட்டு, லினக்ஸில் டிடிரெஸ்க்யூவை ராத்திரி முழுக்க ஓடவிட்டார். படிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் அள்ளிவிட்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிற மென்பொருள் அது. நாலைந்து நொடி கட்டம் கட்டமாகத் தெரிகிறது, தாலி கட்டுவது முழுதாக இருக்கிறது.

மூன்றாவது, கேமராவுக்குள் போடுகிற 8 செ.மீ. குட்டி டிஸ்க். என் லேப்டாப் அதைக் காலி டிஸ்க் என்றே சொன்னது. காலி இல்லை, எடுத்தவர் கேமராவில் ஃபைனலைஸ் பண்ணாமல், அதாவது மற்ற டிரைவ்களும் படிக்கிற மாதிரி பதிவை முடித்து வைக்காமல், விட்டிருக்கிறார். ஐசோபஸ்டர் என்கிற மென்பொருளை வைத்து உள்ளே இருந்ததை நேரடியாக எடுத்தார். பந்தியில் ஆச்சி யாரையோ அதட்டிச் சொதி ஊற்றச் சொல்கிறாள், குரல் தெளிவாக இருக்கிறது.

என் யூஎஸ்பி டிவிடி டிரைவ் கிர்ரென்று சுற்றி நிற்பதையும் கேட்டேன். போர்ட்டிலிருந்து கரண்ட் போதவில்லையாம், இரட்டைத் தலை கேபிள் மாட்டியதும் ஓடுகிறது.

டிஸ்குக்கு 300 ரூபாய், தேறினால் மட்டும். குறை என்னவென்றால் நாலு நாள் என்றவர் பதினோரு நாள் இழுத்தார், போனும் எடுப்பதில்லை. மதியம் இரண்டு முதல் நாலரை வரை கடை பூட்டியிருக்கும், டிஸ்கை பைக் டேங்க் கவரில் வைத்துக்கொண்டு வெயிலில் காத்து நிற்காதீர்கள். நான் நின்று, பதிவைத் தாங்கியிருக்கிற சாயம் வெந்துபோகும் என்று அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.