கிளாஸ்கோவும் பாசலும்: சிந்து–ஒகுஹாரா மோதிய இரண்டு இறுதிப் போட்டிகள்

உலக பாட்மிண்டன் சாம்பியன்ஷிப்பில் 2017, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் மகளிர் ஒற்றையர் இறுதிப் போட்டியில் பி.வி.சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவுமே மோதினர் என்றாலும், அவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

2017-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 110 நிமிடங்கள் நீடித்த போராட்டத்தில் ஒகுஹாரா 21-19, 20-22, 22-20 என வென்றார். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளிக்காக மட்டும் இறகுப்பந்து 73 முறை அடிக்கப்பட்டது. அதைச் சிந்து வென்றபோது இருவருமே மூச்சு வாங்கத் தளர்ந்திருந்தனர்.

2019-இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் அத்தகைய இழுபறிக்கே இடமில்லை. தொடக்கம் முதலே தாக்கி ஆடிய சிந்து, 40 நிமிடங்களுக்குள் 21-7, 21-7 என வென்று, இந்தியாவின் முதல் உலக பாட்மிண்டன் சாம்பியனானார். அன்று அவருடைய தாயாரின் பிறந்தநாளும்கூட.

பட்டத்தின் பெருமை பாசலுக்கே உரியது. ஆனால், ஒன்றை மட்டுமே மீண்டும் பார்க்கலாம் என்றால், தோல்வியில் முடிந்த கிளாஸ்கோ ஆட்டத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.